இஞ்சி பீருக்கு வாங்கிய ஐந்து லிட்டர் கலன்: இரண்டு கோடைகளின் அனுபவம்

கும்பகோணத்துக்கும் திருவிடைமருதூருக்கும் இடையில், காவிரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சென்ற ஆண்டு பங்குனிக் கடைசியில் ஓர் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே ஐந்து லிட்டர் பிடிக்கும் அகன்ற வாய்க் கண்ணாடிக் கலன், சிலிகான் வளையம் பொருந்திய மூடி, மூடியின் துளையில் செருகும் ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவைத் தண்ணீர் வழியே வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு), அடியில் பொருத்த ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு ஹைட்ரோமீட்டர், கலனின் பக்கவாட்டில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை, ஒரு நீள பிரஷ், ஐந்து கிராம் ஈஸ்ட் பொட்டலங்கள் இரண்டு, பன்னிரண்டு பக்கக் கையேடு ஆகியவை இருந்தன. கூரியர் செலவையும் சேர்த்து ₹3,250 கொடுத்தேன். இரண்டு கோடைகளும் இடையில் ஓர் ஐப்பசி அடைமழையும் கண்ட பிறகே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் இந்த மதிப்புரை வெறும் வசையாக முடிந்திருக்கும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நியாயம். நான் ஒன்பது ஆண்டுகள் மெல்போர்னில் வேலை பார்த்தவன். அங்கே எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்வதற்குச் சட்டத் தடை இல்லை என்பதால், கார் நிறுத்தும் கொட்டகையில் இருபத்து மூன்று லிட்டர் வாளி வைத்துக் காய்ச்சுபவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் காய்ச்சினேன், கெடுத்தேன், கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பி நிலத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்த வேலைக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டியதாயிற்று. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மதுவகை எதையும் தயாரிப்பது குற்றம். 'வீட்டு உபயோகத்துக்குத்தான்' என்ற சமாதானம் அங்கே எடுபடாது. ஆகவே, இஞ்சியும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்த சாற்றை ஈஸ்ட் போட்டுச் சற்றே நொதிக்கவிட்டுச் செய்யும், பெயரில் மட்டும் பீர் உள்ள இஞ்சி பீருக்கு வந்து சேர்ந்தேன். அதையும் மிதமிஞ்சி நொதிக்க விடாமல், இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் மதுபானம் என்று வகைப்படுத்தத் தொடங்கும் 0.5 சதவீத ஆல்கஹாலுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கலனைப் பற்றி நான் சொல்லப்போகும் நிறைகுறை எல்லாம் இந்த ஒரு கட்டுப்பாட்டை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டியவை.

கண்ணாடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெட்டியில் இருந்தவற்றுள் முழு மதிப்பெண் பெறுவது அது ஒன்றுதான். கனமான, குமிழி இல்லாத, கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் கழுவக்கூடிய வாய் அகலம் கொண்ட கலன். ஊறுகாய் ஜாடியைப் போல உள்ளே மறைவான தோள்பட்டை வளைவுகள் இல்லாததால் இஞ்சிச் சக்கை எங்கும் ஒட்டிக்கொள்வதில்லை. வெந்நீரை நேராக ஊற்றினால் விரிசல் விடும் என்று கையேடு எச்சரிக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

குழாய் வேறு கதை. முதல் நாள் இரவு நான்கு லிட்டர் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் மேடையில் ஒரு தேங்காய் மூடி அளவுக்கு ஈரம். சர்க்கரைப் பாகாக இருந்திருந்தால் விடிவதற்குள் எறும்புப் படையே திரண்டிருக்கும். உள்பக்க வாஷர் தட்டையாக இல்லாமல் ஓரத்தில் மெல்லிய பிசிறுடன் வார்க்கப்பட்டிருந்தது. பிசிறைச் சவர பிளேடால் சீவி, மோட்டார் கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைத்த ரப்பர் வாஷர் ஒன்றைக் கூடுதலாகப் போட்ட பிறகு கசிவு நின்றது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்; பதினோரு நாள் கழித்து, எந்த வாதமும் இல்லாமல், புதிய குழாய் ஒன்று வந்தது. அதிலும் அதே பிசிறு.

வெப்பமானிப் பட்டையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. 16 முதல் 30 டிகிரி வரை இரண்டிரண்டாக எண்கள் அச்சிட்ட கறுப்புப் பட்டை அது. கலனின் வெப்பநிலை எதுவோ அந்த எண் பச்சையாக ஒளிர வேண்டும். சித்திரையில் ஒட்டினேன், எந்த எண்ணும் ஒளிரவில்லை. கெட்டுப்போன பொருள் என்று நினைத்துத் தமிழுக்கே உரிய சொற்கள் சிலவற்றை உதிர்த்த பிறகு, சமையலறைத் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தால் 33 டிகிரி. பட்டை கெடவில்லை, எங்கள் வீடு அதன் கணக்கிலேயே இல்லை. மார்கழியில் ஒரு விடியற்காலை 24 என்ற எண் பச்சையாக மின்னியபோது, வீட்டார் எல்லாரையும் அழைத்துக் காட்டினேன்.

ஹைட்ரோமீட்டர் இன்னும் நுட்பமாக என்னை ஏமாற்றியது. சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது, அதில் எவ்வளவை ஈஸ்ட் தின்றுவிட்டது என்பதை மிதவையின் உயரத்தைக் கொண்டு சொல்லும் கருவி அது. வெறும் தண்ணீரில் 1.000 காட்ட வேண்டும். எங்கள் வீட்டுத் தண்ணீரில் 0.997 காட்டியது. திருப்பி அனுப்பப் பொட்டலம் கட்டும்போதுதான், தண்டுக்குள் சுருட்டி வைத்த காகிதத்தில் பொடி எழுத்தில் '20 டிகிரியில்' என்று இருந்ததைக் கண்டேன். 33 டிகிரியில் தண்ணீர் சற்று விரிந்து அடர்த்தி குறைவதால், ஏறத்தாழ 0.003 குறைவாகத்தான் காட்டும். கருவி சரி, அவசரப்பட்டவன் நான். தொடக்க அளவையும் முடிவு அளவையும் ஒரே வெப்பநிலையில் எடுத்தால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மாறாது என்பதால் இது நடைமுறையில் பெரிய குறையும் அன்று. ஆனால் மே மாதத்து 33 டிகிரியில் தொடங்கி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 8 டிகிரிச் சாற்றில் முடிவைப் பார்ப்பவர் தப்புக் கணக்குப் போடுவார். இந்த ஊருக்கு மிகவும் தேவையான இந்த ஒரு குறிப்பு பன்னிரண்டு பக்கக் கையேட்டில் எங்கும் இல்லை.

இப்போது முதல் காய்ச்சலின் அவமானத்துக்கு வருகிறேன். நான்கு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் தோல் சீவிய இஞ்சி, 320 கிராம் நாட்டுச் சர்க்கரை, நான்கு எலுமிச்சை. தொடக்க அளவு, திருத்தம் போட்டு, 1.031. பெட்டியோடு வந்த ஈஸ்டில் ஒரு கிராம் தூவினேன். 'இரண்டு மூன்று நாளில் மெல்லக் குமிழிடத் தொடங்கும்' என்ற கையேட்டு வாக்கை நம்பி மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் கனிந்து கறுத்த பூவன் பழத் தாரின் வாசனை கூடம் முழுக்க. அளந்து பார்த்தால் 1.010. குறைந்த ஒவ்வொரு 0.001-க்கும் ஏறத்தாழ 0.13 சதவீதம் ஆல்கஹால் என்று கணக்கிட்டால் 2.7 சதவீதத்துக்கும் மேலே போயிருந்தது. குடிக்கவும் கூடாது, குடிக்கவும் முடியாது. கொல்லைத் தென்னைக்கு அடியில் கொண்டுபோய் ஊற்றியபோது, கூடவே வந்திருந்த மன்னார்குடி மாமா கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ள, எல்லாரும் தென்னையிலேர்ந்து கள்ளை எறக்குவாங்க, நீங்க தென்னைக்குக் கள்ளை ஊத்துறீங்களே?" 1987-லிருந்து கள் இறக்கத் தடை இருக்கும் மாநிலத்தில் இதற்கு நான் என்ன பதில் சொல்வது.

தவறு ஈஸ்டின் மேல் இல்லை. பெட்டியில் இருந்தது 18 முதல் 22 டிகிரிக்குள் வேலை செய்யப் பழக்கப்பட்ட, ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட். அதை 33 டிகிரியில் விட்டால் வேலை மளமளவென நடக்கும், ஆனால் வாழைப்பழ வாசனை தரும் எஸ்டர்களும் நெஞ்சில் சுள்ளென்று ஏறும் கன ஆல்கஹால்களும் அளவுக்கு மேல் உண்டாகும். மெல்போர்னில் குளிர்காலத்தில் வாளியைக் கம்பளியால் போர்த்திக்கொண்டு பத்து நாள் காத்திருப்பதே எங்கள் வேலையாக இருந்தது. இங்கே சில மணி நேரத்துக்குள் நிறுத்தத் தெரிவதுதான் வேலை. இந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் முதல் வகை ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டாம் வகை ஊருக்கு விற்கிறார்கள் என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

இரண்டாம் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அதற்குப் பதிலாக மெல்போர்ன் நண்பர் ஒருவர் வழியாக நார்வேயின் வோஸ் பகுதியிலிருந்து வந்த க்வெய்க் ஈஸ்ட் இரண்டு பொட்டலம் தருவித்தேன். அந்த நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக மர வளையங்களில் ஈஸ்டை உலர்த்தி வைத்து, அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துக்கொள்வார்களாம். வீட்டுக்கு வீடு உறை மோர் காப்பாற்றுவதைப் போல. விந்தை என்னவென்றால், பனி பெய்யும் நாட்டில் பிறந்த அந்த ஈஸ்ட் 40 டிகிரி வரை முகம் சுளிக்காமல் வேலை செய்கிறது, வாசனையும் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியதுபோல் சுத்தமாக இருக்கிறது. எங்கள் சித்திரைக்கென்றே செய்ததுபோன்ற பொருள் இது. இந்தப் பெட்டியில் இதைத்தான் வைத்திருக்க வேண்டும்.

இப்போது என் முறை இதுதான். காலை ஆறு மணிக்குக் கொதிக்கவைத்து ஆறிய சாற்றில் க்வெய்க் ஒரு சிட்டிகை. கலனை அகன்ற அலுமினியத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்தி, ஈரத் துண்டைச் சுற்றிவிட்டால், அறை 34 இருக்கும்போதும் சாறு 30-ஐ ஒட்டியே நிற்கிறது. ஏர்லாக்கில் நிமிடத்துக்கு ஒரு குமிழி வரத் தொடங்கியதும் குழாய் வழியே பழைய சோடா பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பிவிடுகிறேன். கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது: இத்தனை சர்க்கரை மிச்சமிருக்கும் சாற்றை அடைத்து மறந்துபோனால் அது வெடிகுண்டு. பிளாஸ்டிக் என்றால் விரலால் அழுத்திப் பார்க்கலாம். அழுத்தம் கொடுத்தும் சற்றே குழையும் நிலையில் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். முடிவு அளவைப் பார்க்க ஒரு பாட்டிலைத் திறந்து, கேஸ் போகும்வரை டவராவுக்கும் டம்ளருக்கும் இடையில் டிகிரி காபி ஆற்றுவதுபோல் ஆற்றிய பிறகு, அறையின் சூட்டுக்கு வரவிட்டு ஹைட்ரோமீட்டரை விடுகிறேன். இல்லையென்றால் குமிழிகள் மிதவையைத் தூக்கிப் பொய் சொல்லவைக்கும். 1.028-இல் நின்றால் ஏறத்தாழ 0.4 சதவீதம். இந்த அளவில் கோலி சோடாவின் சுரீர் கிடைக்காது, நாக்கில் பட்டதும் மெல்லப் பொங்கி அடங்கும். அதுவே எனக்குப் போதும். அதற்குமேல் வேண்டுபவர் இஞ்சிப் பாகு காய்ச்சிக் கடைச் சோடாவில் கலந்துகொள்ளலாம், ஈஸ்டும் வேண்டாம், ₹3,250-ம் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் திண்ணையில் நான்கு பேர் கூடுகிறோம்: நான், மன்னார்குடி மாமா, நாகப்பட்டினத்திலிருந்து வரும் தம்பி (சித்தப்பா மகன்), எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆளுக்கு ஒரு பாட்டில், ஆளுக்கு ஒரு கருத்து. மெல்போர்னில் நாங்கள் பீரைச் சுவைக்கும்போது குறைகளுக்கென்று தனி அகராதியே இருந்தது. காற்றுப் பட்டுப் பழசானால் நனைந்த அட்டை, நொதிக்கும்போது உண்டாகும் டைஅசிட்டைல் என்ற பொருள் தங்கிவிட்டால் வெண்ணெய், முதிராமல் எடுத்தால் பச்சை ஆப்பிள். அதை இங்கே ஒப்பித்தபோது மூவரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். இரண்டு வாரத்தில் அவர்களே தங்கள் அகராதியைச் செய்துகொண்டுவிட்டார்கள். நனைந்த அட்டை என்பது மாமாவின் வாயில் "மழைத்தண்ணி பட்ட சாக்கு". வெண்ணெய் என்பது "நெய் உருக்குற வாசம்". எஸ்டர் மிகுந்தால் "பூவன் தார்". இப்போது எனக்கே பழைய சொற்கள் மறந்துகொண்டு வருகின்றன.

உண்மையான பீர் எப்படிச் செய்கிறார்கள் என்று மாமா ஒருமுறை கேட்டார். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை கண்டதும் நாற்றங்காலில் தெளிக்கிறோம் அல்லவா, அதேபோல் பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டு, தெளிக்காமல் சூட்டில் உலர்த்தி எடுப்பதுதான் மால்ட் என்றேன். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் என்சைம்கள், அதை நொறுக்கி 65 டிகிரித் தண்ணீரில் ஊறப்போட்டதும், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும் என்றும் விளக்கினேன். "வெதைக்க வேண்டியத வறுத்துக் குடிக்கிறானுங்கன்னு சொல்லுங்க" என்று முடித்துக்கொண்டார் அவர்.

சுவைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் பாட்டில் சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்தது. கறுத்து, கனத்து, பாதி டம்ளருக்குமேல் இறங்காது, ஆனால் மழைக்காலத்தில் அதற்கு இணை இல்லை. தம்பி ஈஸ்ட் பொட்டலமே வாங்குவதில்லை. இஞ்சியையும் சர்க்கரையையும் தினமும் ஒரு கரண்டி போட்டு வளர்த்த காட்டு ஈஸ்ட்டால் செய்கிறான். அதில் தயிரில் உள்ளதுபோன்ற லாக்டிக் புளிப்பும் சேர்ந்து வருகிறது. இங்கிலாந்தில் பழங்காலத்தில் இஞ்சி பீருக்குப் பயன்பட்ட 'செடி' எனப்பட்ட உறையை 1892-இல் ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்பவரும் ஈஸ்டும் பாக்டீரியாவும் கூட்டுக் குடித்தனம் நடத்துவதைத்தான் அதில் கண்டார். தம்பியின் பாட்டில் ஒரு வாரம் அமிர்தம், மறுவாரம் புளித்த மோர். நம்பி விருந்துக்கு வைக்க முடியாது. போதாக்குறைக்கு அவன் பக்கத்து நிலத்தடி நீர் உவர்ப்பு. கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. 1842-இல், இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சன் நகரத்தில் பொன்னிறப் பீர் பிறந்ததற்கு அந்த ஊரின் உப்பில்லாத மென்னீரும் ஒரு காரணம் என்று சொல்லி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீரைக் காரில் ஏற்றிவிட்டேன். அடுத்த பாட்டிலில் இஞ்சி தெளிவாகத் தெரிந்தது.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது ஆசிரியருடையது. பீரில் ஹாப்ஸ் பூ கசப்பையும் மணத்தையும் தருகிறது என்று கேள்விப்பட்டதும் அவர் முதலில் வேப்பம்பூவைப் போட்டார். அந்தக் கசப்பு முன்னால் வராமல், விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு இரவுச் சாப்பாடு வரை எழுந்திருக்கவில்லை. பிறகு வெட்டிவேருக்கு மாறினார். கழுவி உலர்த்திய வெட்டிவேர் மூன்று கிராம், துணி முடிச்சாக, ஆறிய சாற்றில் ஓர் இரவு. கொதிக்கும்போது போட்டால் மண்வாசனை மட்டும் மிஞ்சும் என்பதை அவரே கண்டுபிடித்தார். முதல் மிடறில் இஞ்சி, அது அடங்கியதும் புதுப்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. மெல்போர்னில் உலர் ஹாப்ஸ் போட்ட பேல் ஏல் எத்தனையோ குடித்திருக்கிறேன். மணத்தைக் கடைசியில் சேர்க்கும் அந்த நுட்பத்தை, யாரும் சொல்லித்தராமல் ஒருவர் திருவிடைமருதூர்ப் பக்கத்தில் கண்டடைந்ததைப் பார்த்தபோது பொறாமையாகக்கூட இருந்தது.

கலனுக்குத் திரும்புகிறேன். ஏர்லாக் நல்ல பொருள்தான், ஆனால் கோடையில் அதிலுள்ள தண்ணீர் இரண்டே நாளில் வற்றிவிடுகிறது. கிளிசரின் சில சொட்டுக் கலந்தால் தாங்கும். சில மணி நேர வேலைக்கு அது தேவையே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மூடியைத் தளர்வாக வைத்து மெல்லிய துணி கட்டினால் போதும். சிலிகான் வளையம் இஞ்சி வாசனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. நடுவில் ஒருமுறை என் மனைவி கலனில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிட்டாள். "சும்மாதானேங்க கெடந்துச்சு" என்றாள். அதற்குப் பிந்தைய இரண்டு காய்ச்சல்களில் வெந்தயத்தை உணராதவர் எவருமில்லை. பிரஷின் முடி ஆறாம் மாதம் கொட்டியது. கையேடு முழுக்க ஆங்கிலத்தில், பாதிப் பக்கங்கள் வீட்டில் பீர் காய்ச்சும் முறைக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எந்த மாநிலத்தில் அது குற்றம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஆக, பெட்டி முழுவதையும் வாங்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இஞ்சி பீர் ஒன்றுக்கு மட்டும் என்றால் கண்ணாடிக் கலனும் ஹைட்ரோமீட்டரும் தனித்தனியாகக் கிடைக்கின்றன, பாதி விலைக்குள் முடியும். அளவுக்கருவி மட்டும் கட்டாயம் வேண்டும். எங்கே நிறுத்துகிறோம் என்று நாக்கு சொல்லாது, இனிப்பு அதை மறைத்துவிடும்.

போன வாரம் மாமா மன்னார்குடியில் தனக்கென்று ஒரு கலன் வாங்கிவிட்டார். குழாய் இல்லாத வகை. "கசியறதுக்கு ஒண்ணு கம்மி, பாருங்க" என்றார் தொலைபேசியில். வெப்பமானிப் பட்டை மட்டும் அதோடும் வந்ததாம். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார், அங்கேயும் எதுவும் ஒளிரவில்லை.